எடிட்டிங்குக்கும் கலர் கிரேடிங்குக்கும் எந்த ஃபார்மேட்டில் எடுப்பது? நெல்லைச் சீமை வெளிச்சத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கல்யாண ஆர்டர் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது, “அண்ணாச்சி, ஃபோர்கேலதான எடுப்பிய?” என்பதுதான். திருநெல்வேலி டவுனிலும் சரி, தென்காசியிலும் வள்ளியூரிலும் சரி, இதே கேள்வி. ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கிரேடிங்குக்கு, அதாவது எடுத்த படத்தின் நிறத்தைத் திருத்த, உட்காரும்போது முகத்தின் நிறம் திருந்துமா, அந்திவானம் பட்டை பட்டையாகப் பிரியுமா, டைம்லைன் ஓடுமா திக்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பவை வேறு நான்கு: பிட் ஆழம் (ஒரு நிறத்துக்கு எத்தனை அளவுகள்), நிற மாதிரி (எத்தனை புள்ளிக்கு ஒரு நிறத் தகவல்; 4:2:0, 4:2:2 என்று எழுதுவார்கள்), கோடெக் (படத்தைச் சுருக்கி எழுதும் முறை), லாக் கர்வ் (வெளிச்ச வீச்சை நெருக்கி அடுக்கும் முறை). கேமரா மெனுவில் இந்த நான்கும் ஒரே வரியில் சுருக்கெழுத்தாக நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அதனால்தான் பலர் பெரிய எண்ணாகப் பார்த்துத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நிறத்தில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால் 4கே-யை விட்டுக்கொடுத்தாலும் 10-பிட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்து, உங்கள் கம்ப்யூட்டர் தாங்காத கோடெக்கில் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் வேலை முடியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதல் படி: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். படம் எங்கே ஓடப் போகிறது? எந்தக் கம்ப்யூட்டரில் வெட்டப் போகிறீர்கள்? நிறத்தை எவ்வளவு மாற்றப் போகிறீர்கள்?

பென்டிரைவில் போட்டு வீட்டு டிவியில் பார்க்கப்போகும் முழுநீளக் கல்யாண வீடியோவுக்கும், நான்கு நிமிட டீசருக்கும், திரைப்பட விழாவுக்கு அனுப்பும் குறும்படத்துக்கும் ஒரே ஃபார்மேட் தேவையில்லை. யூடியூபில் ஏற்றும் சாதாரண வீடியோ கடைசியில் 8-பிட் 4:2:0-வாகத்தான் பார்வையாளரிடம் போகிறது. அப்படியிருக்க 10-பிட்டில் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நடுவில் நாம் செய்யும் மாற்றங்களுக்கு இடம் வேண்டும் என்பதே விடை. ஷேடோவை (இருண்ட பகுதியை)த் தூக்குகிறோம், ஹைலைட்டை (பளிச்சென்ற பகுதியை) இறக்குகிறோம், மஞ்சளைக் குறைக்கிறோம். ஒவ்வொரு மாற்றமும் இருக்கிற அளவுகளை இழுத்து நீட்டுகிறது. இழுக்க இழுக்க இடைவெளி தெரியாமல் இருக்கும் அளவுக்கு முதலில் சரக்கு வேண்டும்.

இரண்டாம் படி: கோப்பின் வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எம்பி4, எம்ஓவி, எம்எக்ஸ்எஃப் எல்லாம் வெறும் பெட்டிகள். உள்ளே இருக்கும் கோடெக்தான் சரக்கு. ஒரே எம்ஓவி பெட்டிக்குள் ப்ரோரெஸும் இருக்கலாம், எச்.264-உம் இருக்கலாம். “எம்ஓவி-யில் எடுத்தேன், தரமாக இருக்கும்” என்று யாராவது சொன்னால், உள்ளே என்ன கோடெக், எத்தனை பிட், என்ன பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தகவல்) என்று கேளுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: பிட் ஆழம்

8-பிட்டில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 அளவுகள். 10-பிட்டில் 1024. ரா (சென்சார் பார்த்ததைப் பெரும்பாலும் அப்படியே எழுதும்) ஃபார்மேட்டுகளில் பெரும்பாலும் காணும் 12-பிட்டில் 4096. குறுக்குத்துறைப் படித்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்தை 256 படியில் இறங்குவதும் 1024 படியில் இறங்குவதும்தான் வித்தியாசம். உயரம் கூடவில்லை, படி மென்மையாகிறது.

கூந்தன்குளத்தில் சூரியன் மறையும் நேரத்தில் குளத்துக்கு மேலே ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் வானம், மாஞ்சோலையில் மலையை மறைத்து நிற்கும் மஞ்சு, மண்டபத்தில் மணமேடைக்குப் பின்னால் ஒரே நிறத்தில் விழும் விளக்கொளி. இப்படி ஒரு நிறம் மெதுவாக இன்னொன்றாக மாறும் இடங்களில்தான் 8-பிட்டின் குறை தெரியும். கேமராவின் திரையில் ஒழுங்காக இருக்கும். கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றியதும் வானத்தில் கோடு கோடாகப் பட்டை விழும். விழுந்த பட்டையை அழிக்க நல்ல வழி கிடையாது. மேலே கிரெயின் தூவி ஓரளவு மறைக்கலாம், அவ்வளவுதான்.

“4கே 8-பிட்டில் எடுத்து எச்டியாகச் சுருக்கினால் 10-பிட் ஆகிவிடும்” என்று ஒரு பேச்சு உண்டு. இதில் பாதிதான் உண்மை. 4கே 4:2:0-வில் நிறத் தகவல் 1920×1080 புள்ளிகளுக்கு இருக்கிறது. ஆகவே எச்டியாகச் சுருக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்த நிறம் கிடைக்கிறது. நிற மாதிரியில் இது நல்ல லாபம். ஆனால் பிட் ஆழத்தில் அந்த லாபம் இல்லை. வானத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் நான்கும் ஏற்கெனவே ஒரே அளவுக்கு உருட்டப்பட்டிருந்தால், நான்கையும் சராசரி எடுத்தாலும் அதே அளவுதான் வரும். பட்டை அப்படியே நிற்கும்.

நான்காம் படி: 4:2:0-வா, 4:2:2-வா?

நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் கூர்மையாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. அதைப் பயன்படுத்தி 4:2:0-வில் நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவலும், 4:2:2-வில் இரண்டு புள்ளிக்கு ஒன்றும் வைத்துக்கொள்கிறார்கள். 4:4:4-ல் எல்லாப் புள்ளிக்கும் உண்டு.

சும்மா பார்ப்பதற்கு 4:2:0 போதும். ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து மாற்றும்போதுதான் கஷ்டம். அரக்குப் பட்டுச் சேலையின் நிறத்தை மட்டும் கொஞ்சம் அடக்க வேண்டும், பிசானப் பருவத்து வயலின் பச்சையை மட்டும் கொஞ்சம் மஞ்சளாக்க வேண்டும் என்று குவாலிஃபையரால் தொட்டுத் தேர்வு செய்யும்போது, 4:2:0-வில் விளிம்பு பல் பல்லாக வரும். பச்சைத் திரை வைத்து எடுப்பவர்களுக்கு 4:2:2 கட்டாயம். வெறுமனே மொத்த நிறத்தைச் சமன் செய்து முடிப்பவர்கள் 10-பிட் 4:2:0-விலேயே நன்றாக வேலை செய்யலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் 10-பிட்டைத்தான் எடுப்பேன்.

ஐந்தாம் படி: கோடெக்

இங்கேதான் எடிட்டிங்கும் கிரேடிங்கும் எதிரெதிராக இழுக்கும்.

எச்.264-உம் எச்.265-உம் பெரும்பாலான கேமராக்களில் லாங் ஜிஓபி முறையில் எழுதப்படுகின்றன. அதாவது ஒரு ஃப்ரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வரும் ஃப்ரேம்களில் மாறியதை மட்டும் எழுதுவது. கோப்பு சின்னதாகும். ஆனால் டைம்லைனில் நடுவே ஓரிடத்தில் நிறுத்தினால், அந்த ஒரு ஃப்ரேமைக் காட்டக் கம்ப்யூட்டர் முன்னும் பின்னும் போய்ப் பல ஃப்ரேம்களைப் பிரித்துக் கணக்கிட வேண்டும். ஆல்-இன்ட்ரா முறையிலும் ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்றவற்றிலும் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக முழுதாக இருக்கும். இடம் அதிகம், வேலை லேசு.

படத்தரத்திலும் வித்தியாசம் வரும் இடங்கள் உண்டு. நின்று பேசும் ஆளை எடுத்தால் லாங் ஜிஓபி-யில் குறையே தெரியாது, ஏனென்றால் மாறுவது கொஞ்சம்தான். சாரல் சீசனில் குற்றாலம் மெயினருவியை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடம் மாறுகிறது. முந்தைய ஃப்ரேமிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. பிட்ரேட் போதாமல் அருவியின் ஓரம் கொழகொழவென்று கட்டங்களாகிவிடும். தாலி கட்டும் நொடியில் அட்சதை பறப்பதும், ஆனித் தேரோட்டத்தில் ரதவீதி முழுக்கத் தலைகள் அசைவதும், காற்றில் வயல் அலை அடிப்பதும் இதே வகை. இந்த ஷாட்டுகளுக்கு மட்டுமாவது ஆல்-இன்ட்ராவுக்கு மாறுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கத்தைப் பார்ப்போம். 10-பிட் 4:2:2 எச்.265 கோப்பைத் தடங்கலில்லாமல் ஓட்ட, அதைப் பிரிக்கும் சர்க்யூட் சிப்பிலேயே இருக்க வேண்டும். ஆப்பிளின் எம்1 முதலான சிப்புகளில் இருக்கிறது. இன்டெலில் 11-ஆம் தலைமுறை முதல் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் இருக்கிறது. பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் இன்டெல் சிப்புகளில் உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. விலை குறைவென்று எடிட்டிங் மெஷினுக்கு அதை வாங்கிவிடாதீர்கள். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் எவ்வளவு விலை உயர்ந்தவையாக இருந்தாலும் 4:2:2-ஐ ஹார்டுவேரில் பிரிக்காது. “இவ்வளவு பெரிய கார்டு போட்டும் ஏன் திக்குது?” என்று கேட்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

பழைய மெஷின்தான் இருக்கிறது என்றால் இரண்டு வழி. ஒன்று, ப்ராக்ஸி. எல்லாக் கிளிப்புகளுக்கும் எச்டி அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி நகல் எடுத்து, அதில் வெட்டி முடித்து, கிரேடிங்குக்கு மட்டும் மூலக் கோப்புக்குத் திரும்புவது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளைத் தேர்ந்து வலது கிளிக் செய்தாலே ப்ராக்ஸி உருவாக்கும் வசதி இருக்கிறது. ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால் காலையில் தயார். இன்னொரு வழி, எல்லாவற்றையும் ப்ரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர்-ஆக முழுதாக மாற்றிக்கொள்வது. இடம் நிறையப் பிடிக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: 8-பிட் கோப்பை ப்ரோரெஸாக மாற்றினால் வெட்டும் வேகம்தான் கூடும், இல்லாத நிறம் வந்து சேராது.

ஆறாம் படி: லாக் எப்போது, எப்போது வேண்டாம்

லாக் கர்வ் என்பது சென்சார் பார்த்த வெளிச்ச வீச்சு முழுவதையும் கோப்பின் குறைந்த இடத்துக்குள் நெருக்கி அடுக்கும் முறை. அதனால்தான் லாக் படம் கிரேடிங்குக்கு முன் வெளுத்துச் சாம்பலாகத் தெரிகிறது. சோனியில் எஸ்-லாக்3, பானசோனிக்கில் வி-லாக், ஃபுஜியில் எஃப்-லாக், கேனனில் சி-லாக் என்று பெயர் மாறும், கருத்து ஒன்றுதான்.

நம் ஊரில் லாக் எங்கே உதவும்? நண்பகலில் நெல்லையப்பர் கோவில் வாசலில் மாப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு வெயிலில் நிற்கிறார், பின்னால் கருங்கல் மண்டபத்தின் இருட்டு. திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் கண்கூசும் வானத்தின் கீழே செம்மணல், முன்னே பெண்ணின் முகம். இங்கெல்லாம் சாதாரண பிக்சர் ப்ரொஃபைலில் வேட்டி எரிந்து வெறும் வெள்ளையாகும், அல்லது முகம் கருத்துப்போகும். லாக் இரண்டையும் காப்பாற்றும்.

ஆனால் லாக்கும் 8-பிட்டும் சேரக் கூடாது. இதற்குக் கணக்கே இருக்கிறது. எஸ்-லாக்3-இல் 10-பிட் அளவுகோலில் கறுப்பு 95-இல் உட்காருகிறது, நடுச் சாம்பல் 420-இல், வெள்ளைத் தாள் 598-இல். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஹைலைட்டுக்கு ஒதுக்கிய இடம். கறுப்பிலிருந்து வெள்ளைத் தாள் வரை 503 படி. இதையே 8-பிட்டில் எழுதினால் ஏறக்குறைய 125 படிதான். முகம், சேலை, சுவர், மரம் எல்லாம் இந்த 125-க்குள் அடக்கம். அதை இழுத்து டிவிக்கு வேண்டிய 219 அளவுகளுக்கு நீட்டும்போது நடுவில் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? கன்னத்தில் திட்டுத் திட்டாக நிறம் வருவது இதனால்தான். உங்கள் கேமராவில் 8-பிட் மட்டும்தான் என்றால் எஸ்-லாக்3-ஐத் தொடாதீர்கள். சோனியின் சினி4 அல்லது கான்ட்ராஸ்ட் குறைத்த நியூட்ரல் ப்ரொஃபைலில், ஒயிட் பேலன்ஸைச் சரியாக வைத்து, முடிந்தவரை கடைசிப் படத்துக்கு நெருக்கமாகவே எடுத்துவிடுங்கள். அப்படி எடுத்த படம் கிரேடிங்கில் கொஞ்சம்தான் அசையும், ஆனால் உடையாது.

10-பிட் இருந்தால் லாக்கில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தை இரு மடங்கு) கூட்டி எடுங்கள். எஸ்-லாக்3-இல் சாம்பல் அட்டை வழக்கமாக 41 சதவீதத்தில் நிற்கும். ஒரு ஸ்டாப் கூட்டினால் 50-ஐ ஒட்டி வரும். ஷேடோவில் நாய்ஸ் (பொடிப் புள்ளிகளாகத் தெரியும் இரைச்சல்) குறையும். ஜீப்ராவை (வெளிச்சம் மீறும் இடத்தில் கோடு காட்டும் வசதி) 94-க்கு வைத்துக்கொண்டால் எது எரிகிறது என்று தெரிந்துவிடும். பகலில் இதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் முடியாது. லாக்கின் அடிப்படை ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன் அளவு) பல கேமராக்களில் 640, 800 என்று தொடங்குகிறது. நெல்லை வெயிலில் எஃப்2.8 வேண்டுமென்றால் ஃபில்டர் போட்டே தீர வேண்டும்.

இனி ராத்திரி. கோவில் கொடையில் நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையில் சுடலைமாடன் வேட்டைக்குக் கிளம்பும்போது இருப்பது தீப்பந்த வெளிச்சமும் சீரியல் விளக்கும்தான். அங்கே வெளிச்ச வீச்சைவிட வெளிச்சமே போதவில்லை என்பதுதான் பிரச்சினை. ஷேடோவை இரண்டு ஸ்டாப் தூக்கும்போது லாக்கில் நாய்ஸ் கொதிக்கும். கேமராவில் இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ உயரத்தில் இருந்தால் அதற்கு மாறி லாக்கில் எடுக்கலாம். இல்லையென்றால் சோனியின் எஸ்-சினிடோன் போன்ற ப்ரொஃபைலில் 10-பிட்டில் எடுப்பதே நல்லது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கொடைவிழா, கல்யாண ரிசப்ஷன் இரண்டிலும் இன்னொரு ஆபத்து, நீல, ஊதா எல்இடி விளக்குகள். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் நீலத்தின் பங்கு, எச்டி டிவிக்கான ரெக்.709 தரக் கணக்கில், சுமார் 7 சதவீதம்தான். ஆகவே நீலச் சேனல் முழுதும் எரிந்துபோயிருந்தாலும் மீட்டர் “இன்னும் இருட்டு” என்றே காட்டும். நம்பி எக்ஸ்போஷரைக் கூட்டினால் பெண்ணின் முகத்தில் பாதி, விவரமே இல்லாத நீலக் கறையாகிவிடும். ஆர்ஜிபி பரேடு (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் வரைபடம்) காட்டும் கேமராவோ மானிட்டரோ இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாதபோது நீல விளக்கு விழும் ஷாட்டில் ஒரு ஸ்டாப்பாவது குறைத்து எடுங்கள். எரிந்த சேனலை எந்த ஃபார்மேட்டும் திருப்பித் தராது, ரா உட்பட.

ஏழாம் படி: ரா தேவையா?

குறும்படத்துக்கு, ஆம், முடிந்தால். ராவில் ஒயிட் பேலன்ஸை எடிட்டிங் மேசையில் தீர்மானிக்கலாம். மற்ற ஃபார்மேட்டுகளில் அது படத்தோடு சேர்ந்து பதிந்துவிடும். 2018-இல் வந்த பிளாக்மேஜிக் ரா இந்த விஷயத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. 8:1 சுருக்கத்தில் எழுதினால் ப்ரோரெஸ் 422 எச்க்யூவைவிடக் குறைந்த இடம்தான் பிடிக்கும். கல்யாணத்துக்கு ரா வேண்டாம். நாள் முழுக்க ஓடும் வேலையில் கார்டு மாற்றுவதிலேயே முகூர்த்தம் போய்விடும்.

எட்டாம் படி: ஃப்ரேம் ரேட்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா மெனுவில் பால் (PAL) என்ற முறைக்கு மாற்றி 25 ஃப்ரேமில், ஷட்டர் 1/50-இல் வையுங்கள். ஸ்லோமோஷனுக்கு 50 ஃப்ரேம், 1/100. டியூப்லைட் துடிப்பு படத்தில் வராது. மலிவான எல்இடி சில வேறு வேகத்தில் துடிக்கும். மண்டபத்துக்குப் போனதும் ஒரு சோதனை கிளிப் எடுத்துப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: கார்டு, டிஸ்க் கணக்கு

பிட்ரேட்டை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மெகாபைட் என்று வரும். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. சோனியின் ஆல்-இன்ட்ரா 4கே 25 ஃப்ரேமில் 250 மெகாபிட், மணிக்கு 112 ஜிபிக்கு மேல். ப்ரோரெஸ் 422 எச்க்யூ அதே 4கே 25-இல் சுமார் 737 மெகாபிட், மணிக்கு 330 ஜிபியைத் தாண்டும். கல்யாணத்தில் ஒரு கேமரா நான்கு மணி நேரம் ஓடினால் முதலாவதில் 180 ஜிபி, கடைசியில் 1.3 டெராபைட். இதை மூன்று கேமராவால் பெருக்கி, இரண்டு நகலால் பெருக்கிப் பாருங்கள். ஆர்டர் பேசும்போதே டிஸ்க் செலவைச் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும்.

கார்டில் வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் உறுதி. 250 மெகாபிட்டுக்கு 31.25 மெகாபைட் வேண்டும், ஆகவே வி60. 50 ஃப்ரேமில் 500 மெகாபிட் என்றால் வி90. ஐபோனில் ப்ரோரெஸ் எடுப்பவர்கள் 4கே 30 ஃப்ரேமில் நிமிடத்துக்கு 6 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ப்ரோவிலிருந்து வெளியே எஸ்எஸ்டி மாட்டி நேராக அதிலேயே எழுதலாம்.

பத்தாம் படி: வேலைக்கு ஏற்ற தேர்வு

கல்யாணத்தில் நிலையாக நிற்கும் டிரடிஷனல் கேமராவுக்கு 4கே 25, 10-பிட், லாங் ஜிஓபி, சாதாரண ப்ரொஃபைல். லாக் வேண்டாம், அவ்வளவு மணி நேரத்தையும் யாரும் ஷாட் ஷாட்டாக கிரேட் செய்யப் போவதில்லை. இயல்பான தருணங்களைப் பிடிக்கும் கேண்டிட் கேமராவுக்கு 10-பிட் 4:2:2, பகலில் லாக். அட்சதை நேரத்தில் ஆல்-இன்ட்ரா. கேண்டிட்டில் இரண்டு கேமரா ஓடினால் இரண்டும் ஒரே ஃபார்மேட்டில் இருக்கட்டும். ஒன்று லாக், மற்றொன்று சாதாரணம் என்றால் நிறம் பொருத்துவதிலேயே நேரம் கரைந்துவிடும்.

ஆவணப்படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதை எடுக்கிறீர்கள் என்றால் அந்த மெல்லிய இழை வரிசை சென்சாரோடு மோதி வானவில் அலை போல மொய்ரே உண்டாக்கும். கிரேடிங்கில் அது போகாது. இங்கே மட்டும் தெளிவுத்திறன் முதலிடத்துக்கு வருகிறது. சென்சார் முழுவதையும் படித்துச் சுருக்கித் தரும் 4கே முறையில், கோணத்தையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து எடுங்கள். பேட்டிகளுக்கு 10-பிட் லாங் ஜிஓபி தாராளம்.

பதினோராம் படி: சோதனை

இதில் எதையும் என் சொல்லை மட்டும் நம்பிச் செய்ய வேண்டாம். வேலைக்கு முன் உங்கள் கேமராவில் அந்திவானம், ஓடும் தண்ணீர், வெயிலில் வெள்ளை வேட்டி, நீல விளக்கில் ஒரு முகம், இருட்டில் ஒரு முகம் என்று ஐந்து ஷாட்டுகளை, கையில் இருக்கும் ஃபார்மேட்டுகள் ஒவ்வொன்றிலும் எடுங்கள். தாமிரபரணிக் கரையில் ஒரு சாயங்காலம் போதும். உங்கள் மென்பொருளிலேயே திறந்து, ஷேடோவை வேண்டுமென்றே அளவுக்கு மீறித் தூக்குங்கள், நிறத்தை இழுத்துப் பாருங்கள், டைம்லைனில் முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். எது எந்த இடத்தில் உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்த ஃபார்மேட், ப்ரொஃபைல், ஷட்டர், ஒயிட் பேலன்ஸ், ஜீப்ரா அளவு ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி எல்லாக் கேமராப் பைகளிலும் ஒட்டிவிடுங்கள், உதவிக்கு வருகிற தம்பிகளும் அதைப் பார்த்தே செட் செய்யட்டும். வேலை முடிந்து வந்ததும் இரண்டு டிஸ்கில் நகலெடுத்து, இரண்டிலும் கிளிப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள்.